வீட்டில் பாடிப் பதிவு செய்தால் ஏன் பாத்ரூமில் பாடியதுபோல் கேட்கிறது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் பாட்டு கற்றுக்கொண்டு, வேலைக்குப் போனதும் விட்டுவிட்டு, இப்போது மறுபடி பாட ஆரம்பித்திருக்கிறீர்கள். சுருதி (பாட்டின் அடிப்படை ஸ்வரத்தின் உயரம்) 1 கட்டை. அடுக்குமாடி வீட்டில் பத்துக்குப் பத்து அறை. முதலில் ஃபோனில் பதிவு செய்தபோது தம்புரா வந்து வந்து போனது. அப்புறம் ஒரு கண்டென்சர் மைக்கும் (நுண்ணிய ஒலியையும் பிடிக்கிற வகை), மைக்கைக் கணினியோடு இணைக்கிற ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கினீர்கள். இப்போது தம்புரா போவதில்லை, ஆனால் பாத்ரூமில் பாடியதுபோல் இருக்கிறது. இதைவிட நல்ல மைக் எது, தம்புராவையும் நண்பரின் மிருதங்கத்தையும் எப்படிச் சேர்ப்பது, சுருதி விலகும் இடங்களில் ஆட்டோட்யூன் போடலாமா, யூட்யூபில் ஏற்றினால் ஏதாவது பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் உங்களை உறுத்துவது ஒன்றுதான்: பாடும்போது காதில் விழுவது ஏன் பதிவில் வரவில்லை? அதற்குப் பதில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் சுலபம்.

நான் ஒலிப்பதிவுக் கூடத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தவன். பெரும்பாலும் வாய்ப்பாட்டு, வயலின், வீணை. சினிமாப் பாட்டு என் துறை இல்லை. நாகஸ்வரத்தை வீட்டு அறையில் பதிவு செய்வது பற்றிக் கேட்டிருந்தால் வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். உங்கள் பதிவை நான் இன்னும் கேட்கவில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பாடும்போது நம் குரல் நமக்கு இரண்டு வழியாகக் கேட்கிறது. ஒன்று காற்று, இன்னொன்று மண்டை எலும்பு. எலும்பு வழியாக வருவதில் கீழ் அதிர்வெண்கள் அதிகம், அதனால் நம் குரல் நமக்குக் கனமாகவும் இனிமையாகவும் இருக்கும். மைக்குக்கு அந்த எலும்பு கிடையாது. பதிவைக் கேட்டதும் 'இது என் குரலா?' என்று தோன்றுவதில் ஒரு பங்கு இதனால் வருவது. எந்த மைக் வாங்கினாலும் அது போகாது, கேட்கக் கேட்கப் பழகிவிடும். உங்கள் மனைவியோ நண்பரோ அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு 'உன் குரல்தானே, சரியாகத்தானே இருக்கிறது' என்றால் அந்தப் பங்கை விட்டுவிடுங்கள். அவர்களும் 'ஏதோ குகைக்குள்ளிருந்து வருகிறது' என்றால் அது அறை.

உங்கள் விஷயத்தில் அறைதான் என்று கிட்டத்தட்ட அடித்துச் சொல்வேன். நம் ஊர் அறை எப்படிப்பட்டது? நான்கு பக்கமும் சிமென்ட் பூச்சு, மேலே கான்கிரீட், கீழே வழவழப்பான டைல்ஸ். ஒலியை உறிஞ்ச எதுவுமே இல்லை. அறை நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் 'டர்ர்ர்' என்று ஒரு சிலிர்ப்பு ஓடினால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் ஒலி பந்தாடுகிறது என்று அர்த்தம். அதே சிலிர்ப்பு, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிறீர்களே, அந்த ஒவ்வொரு சங்கதியின் வாலிலும் ஒட்டிக்கொள்கிறது. நேரில் பாடும்போது காதும் மூளையும் சேர்ந்து அதைப் பெருமளவு ஒதுக்கிவிடும். மைக் எதையும் ஒதுக்காது.

இதில் பத்துக்குப் பத்து என்பது கூடுதல் கஷ்டம். பத்தடி என்றால் 3.05 மீட்டர். நம் ஊர் வெப்பத்தில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் அந்த இரண்டு சுவர்களுக்கிடையே 57 ஹெர்ட்ஸிலும், அதன் இரண்டு மடங்கான 114 ஹெர்ட்ஸிலும் ஒலி தங்கி நின்று வீங்கும். நீளமும் அகலமும் ஒன்றாக இருப்பதால் இரண்டு திசையிலும் அதே அதிர்வெண்கள். கூரையும் பத்தடி உயரம் என்றால் மூன்று திசையிலும். 1 கட்டையில் உங்கள் ஷட்ஜம் (ஸ) 131 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே உள்ள மந்த்ர கைசிகி நிஷாதம் (நி) 116 ஹெர்ட்ஸ் பக்கம். ஆக, கரஹரப்ரியா, தோடி மாதிரி ராகங்களில் கீழே இறங்கி அந்த நிஷாதத்தில் நின்றால் அது மட்டும் 'பூம்' என்று வீங்கித் தெரியும். உங்கள் குரல் அங்கே கெட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். 114 ஹெர்ட்ஸ் மிகவும் பலமாக நிற்கும் இடங்களில் அறையின் நடுமையமும் ஒன்று, மூலைகளும் அப்படித்தான். அதனால் நடுவிலும் உட்காராதீர்கள், மூலையிலும் உட்காராதீர்கள். சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி ஓர் இடம் பார்த்து, அங்கேயும் இங்கேயும் அரை அடி நகர்த்தி, அதே மந்த்ர நிஷாதத்தைப் பாடிப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்தது மெத்தை. வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் அதைவிட நன்றாக ஒலியை உறிஞ்சுவது உங்கள் பட்ஜெட்டில் கிடைக்காது. அதை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். மைக்குக்குப் பின்னால் உள்ள சுவரில்தான் எல்லோரும் ஃபோம் ஒட்டுகிறார்கள். ஆனால் உங்களிடம் இருப்பது ஒரு பக்கம் மட்டும் கேட்கிற கார்டியாய்ட் மைக். அது பார்த்துக்கொண்டிருப்பது உங்களையும், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவரையும். சுவரில் பட்டுத் திரும்புகிற ஒலியில் மைக்குக்குள் நேராக நுழைவது அந்தப் பக்கத்திலிருந்து வருவதுதான். ஆகவே மெத்தையை உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்துங்கள். இரண்டு பக்கமும் கொடி கட்டித் தடிமனான ரஜாயைத் தொங்கவிடுங்கள், சுவரோடு ஒட்டாமல் ஓர் அரை அடி இடைவெளி இருக்கட்டும். அந்த இடைவெளி இருந்தால் கீழ் அதிர்வெண்களும் கொஞ்சம் அடங்கும். கீழே ஜமக்காளம். துணி அடைத்த பீரோ இருந்தால் கதவைத் திறந்து வையுங்கள். கடையில் விற்கிற ஓர் அங்குல ஃபோம் உச்ச அதிர்வெண்களை மட்டும்தான் விழுங்கும். நடுவிலும் கீழும் உள்ள குழப்பம் அப்படியே இருக்க, மேலே உள்ள பளிச்சென்ற தன்மை மட்டும் போய்விடும். முட்டை அட்டையை ஒட்டுவது பற்றி என்ன சொல்ல, முட்டைக்குத்தான் அது லாயக்கு.

இதோடு தூரத்தையும் சரிசெய்தால் பாதிக்கு மேல் வேலை முடிந்தது. வாய்க்கும் மைக்குக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் ஏறும், அறையின் ஒலியோ ஏறாது. இப்போது நீங்கள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து பாடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன், கச்சேரி மேடைப் படங்களைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். ஒரு சாண் தூரத்துக்கு வாருங்கள். அதைவிட நெருங்கினால் கார்டியாய்ட் மைக் கீழ் ஸ்வரங்களைத் தானாகவே கனமாக்கிவிடும். மைக்கை உதட்டுக்கு நேராக வைக்காமல் மூக்கின் உயரத்தில் வைத்து, லேசாகக் கீழே பார்க்கும்படி திருப்புங்கள். 'பரம', 'பாஹி' என்று பகரம் வரும்போது காற்று நேராக மோதாது.

உட்கார்ந்து பாடுவதால் வரும் ஒரு தொல்லையை மேல்நாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லமாட்டார்கள், அங்கே யாரும் தொடையில் தட்டித் தாளம் போடுவதில்லை. மைக் ஒரு சாணில் இருக்கும்போது, ஆதி தாளத்தின் ஒவ்வொரு தட்டும் 'தொப், தொப்' என்று பதிவாகும். விரல் எண்ணும்போது மோதிரம் இடித்தால் அதுவும். மடியில் ஒரு தலையணை போட்டு அதன் மேல் தட்டுங்கள். வாட்ச், மோதிரம், வளையல் எதுவும் வேண்டாம். மொடமொடப்பான கஞ்சி போட்ட வேட்டியும் வேண்டாம், பழைய லுங்கி உத்தமம். மைக் ஸ்டாண்டின் காலுக்கடியில் நாலாக மடித்த போர்வையை வைத்தால் தரை வழியாக ஏறும் அதிர்வு குறையும்.

மின்விசிறியை நிறுத்தியே ஆகவேண்டும். காற்றுச் சத்தம் மட்டுமில்லை, சுழலும் இறக்கைகளில் பட்டுத் திரும்பும் ஒலியும் மெல்ல நடுங்கும். நீட்டி நிற்கும் கார்வையில் அது நன்றாகத் தெரியும். சித்திரை மாதத்தில் விசிறி இல்லாமல் பாடுவது சித்திரவதைதான், ஒரு டேக் எடுப்பதும் விசிறியைப் போட்டு ஆறுவதுமாக மாற்றி மாற்றிச் செய்யுங்கள். காலை ஐந்து மணிக்கு எடுத்தால் தெரு அமைதியாக இருக்கும், ஆனால் குரல் திறந்திருக்காது. இரவு பத்தரைக்குமேல் குரலும் பழுத்திருக்கும், குக்கர் விசிலும் அடங்கியிருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன சொல்வார் என்பது உங்கள் சாமர்த்தியம்.

இனி மைக். உங்களிடம் உள்ளதே போதும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 'அறை மோசமாக இருந்தால் கண்டென்சர் வேண்டாம், ஷூர் எஸ்எம்58 மாதிரி டைனமிக் மைக் வாங்கு, அது அறையைப் பிடிக்காது' என்று பலரும் சொல்வார்கள். இது பாதி உண்மை என்று நினைக்கிறேன். 1966 முதல் மேடைகளில் ஓடுகிற மைக் அது, அருமையான மைக். ஆனால் அதை வாயை ஒட்டி வைத்துப் பாடுகிறோம், அதனால்தான் அறை குறைகிறது. அதே தூரத்தில் வைத்தால் கண்டென்சருக்கும் அதற்கும் அறை விஷயத்தில் சொல்லும்படியான வித்தியாசம் எனக்குக் கேட்டதில்லை. மற்ற பொறியாளர்கள் இதில் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள். யாரிடமாவது இரவல் கிடைத்தால் நீங்களே வைத்துப் பாருங்கள், காசு கொடுத்து வாங்காதீர்கள்.

கணினியில் பதிவின் தரத்தை 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேர மோனோ பதிவுக்கு ஏறக்குறைய அரை ஜிபி ஆகும், அவ்வளவுதான். 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் இனிமை கூடும் என்பது விவாதத்துக்குரியது. உங்கள் அறையில் அந்த வித்தியாசம் எடுபடாது என்பது மட்டும் நிச்சயம். கெயினை, அதாவது மைக்கின் ஒலியை எவ்வளவு பெருக்குவது என்ற அளவை, வைக்கும்போது பல்லவியைப் பாடிப் பார்த்து வைக்காதீர்கள். அந்தக் கிருதியில் எந்தச் சங்கதி உச்சத்துக்குப் போகிறதோ, அதை முழுக் குரலில் பாடி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டாதபடி வையுங்கள். சின்னதாகத் தெரிகிறதே என்று ஏற்றாதீர்கள். 24 பிட்டில் பின்னால் ஏற்றிக்கொள்ளலாம், உச்சியில் உடைந்த குரலை ஒட்டவைக்க முடியாது. மென்பொருள் எதுவானாலும் சரி. ஆடாசிட்டி இலவசம், ரீப்பரை 60 நாள் முழுமையாக ஓட்டிப் பார்க்கலாம்.

தம்புராவுக்கு வருவோம். ஃபோனில் அது வந்து வந்து போனதன் காரணம் எளிது. பேச்சுக்காக வைத்திருக்கிற சத்தக்குறைப்பு வசதி, ஏற்ற இறக்கம் இல்லாமல் தொடர்ந்து வரும் ஒலியை விசிறிச் சத்தம் என்று முடிவுகட்டி அழித்துவிடும். தம்புராவின் வேலையே தொடர்ந்து வருவதுதானே. 2020-க்குப் பிறகு ஆன்லைனில் பாட்டு வகுப்பு எடுத்த எல்லா டீச்சர்களும் இந்தப் பாட்டைப் பட்டிருக்கிறார்கள். இப்போதைய ஏற்பாட்டில் அந்தத் தொல்லை இல்லை, ஆனாலும் அறையில் தம்புராவை ஒலிக்கவிட்டுப் பாடாதீர்கள். குரல் டிராக்கில் தம்புரா கலந்துவிட்டால், ஒரு சங்கதியை வெட்டி இன்னொரு டேக்கிலிருந்து ஒட்டும்போது தம்புராவின் மீட்டு துள்ளும், கேட்பவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். தம்புராவை ஒரு தனி டிராக்கில் முழு நீளத்துக்குப் போட்டுவிட்டு, காதை மூடும் ஹெட்ஃபோனில் கேட்டுப் பாடுங்கள். பின்னணியில் அது இடையறாமல் ஓடுவதால், மேலே குரலில் நீங்கள் செய்யும் வெட்டு ஒட்டு எல்லாம் மறைந்துபோகும். ஹெட்ஃபோனில் ஒரு காதை மட்டும் மூடி, மறு காதைத் திறந்து வைத்துப் பாடுவதுதான் பெரும்பாலான பாடகர்களுக்குச் சரிப்படுகிறது. திறந்த காதுப் பக்கத்து ஒலியை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் அது கசிந்து மைக்குக்குள் போகும். ப்ளூடூத் ஹெட்ஃபோன் கூடவே கூடாது, அதில் வரும் தாமதத்தில் தாளமே நிற்காது. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதைப் போட்டால் உங்கள் குரல் கணினிக்குள் போய்ச் சுற்றி வராமல் நேராகக் காதுக்கு வரும்.

மிருதங்கத்தில்தான் நான் கொஞ்சம் நிதானிக்கிறேன். தனித்தனியாகப் பதிவு செய்து சேர்ப்பது தொழில்நுட்பத்தில் ஒன்றும் கஷ்டமில்லை. தாளச் செயலியைக் காதில் ஓடவிட்டு நீங்கள் பாடி, முன்னால் இரண்டு ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) வெறும் தட்டு விட்டு நண்பருக்கு அனுப்பினால் அவர் வாசித்து அனுப்பிவிடுவார். ஆனால் கச்சேரியில் மிருதங்கம் உங்களைப் பார்த்து வாசிக்கிறது. நீங்கள் அனுபல்லவியில் கொஞ்சம் அழுத்தினால் அவர் அழுத்துவார், கடைசிச் சங்கதியில் மூச்சு வாங்கினால் ஒரு சொல் போட்டு நிரப்புவார். தனித்தனியாக எடுத்தால் அந்தக் கொடுக்கல் வாங்கல் ஒரு வழியாகப் போய்விடும். நீங்கள் செய்ததற்கு அவர் பதில் சொல்லலாம், அவர் செய்ததற்கு உங்களால் சொல்ல முடியாது. ஆகவே அவர் வீட்டுக்கு வரமுடிந்தால் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆறடி தள்ளி எதிரெதிராக உட்காருங்கள். இரண்டு மைக்கும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டட்டும். ஒருவர் ஒலி மற்றவர் மைக்கில் கொஞ்சம் கசியும், பரவாயில்லை. வெட்டி ஒட்ட முடியாது, முழுப்பாட்டையும் பாடியாகவேண்டும், அதுவும் நல்லதுதான். 1 கட்டைக்குத் தக்கு சுருதி (தாழ்ந்த சுருதி) மிருதங்கம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண் குரலுக்கு வாசிக்கிற ஹெச்சு (உயர்ந்த சுருதி) மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் அதை உங்கள் சுருதிக்கு இறக்க முடியாது. அதுவரை ஆலாபனையும் விருத்தமும் பதிவு செய்து பழகுங்கள், தாளத்தின் தொல்லையே கிடையாது.

ஆட்டோட்யூன் வேண்டாம். ஒழுக்கம் பேசவில்லை, அது இயங்கும் விதத்தைச் சொல்கிறேன். 1997-ல் அதைக் கொண்டுவந்த ஆண்டி ஹில்டபிராண்ட் எண்ணெய் தேடும் தொழிலில் நில அதிர்வுக் கணக்குகள் போட்டவர். குரலின் சுருதியைக் கண்டுபிடித்து, பக்கத்தில் இருக்கும் நிலையான ஸ்வரத்துக்கு இழுத்துச் செல்வதுதான் அந்த மென்பொருளின் அடிப்படை. தோடியின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் இடையே ஆடிக்கொண்டிருக்கிறது, அந்த ஆட்டம்தான் தோடி. மென்பொருளுக்கு அது தடுமாறும் குரல். வேகமாக இழுக்கச் சொன்னால் ரி, க, ம என்று படிக்கட்டாக வெட்டிப்போடும். மெதுவாக இழுக்கச் சொன்னால் ஆட்டத்தின் வீச்சைச் சுருக்கிவிடும். இரண்டிலும் ராகம் போச்சு. நீட்டி நிற்கும் ஒரு ஷட்ஜமோ பஞ்சமமோ மயிரிழை இறங்கியிருந்தால், அந்த ஒரு ஸ்வரத்தை மட்டும் கையால் தேர்ந்தெடுத்து ஏற்றுவது நடக்கும், நானே செய்திருக்கிறேன். மற்றபடி அந்தச் சங்கதியை எடுப்பிலிருந்து மறுபடி பாடி ஒட்டுவது சீக்கிரமாகவும் முடியும், நன்றாகவும் இருக்கும். டேக்குகள் பெருகினால் எது எதுவென்று குழம்பும், அதனால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ராகம், தாளம், தேதி, எத்தனையாவது டேக் என்று வாயால் சொல்லிவிட்டுப் பாடுங்கள். 1902-ல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் 'மை நேம் இஸ் கௌஹர் ஜான்' என்று சொல்லுவார். ஜெர்மனியில் தட்டு அச்சடிப்பவர்களுக்கு யார் பாடியது என்று தெரியவேண்டுமே.

யூட்யூப் விஷயம் சுருக்கமாக: தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி கிருதிகளுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. 1973-ல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கு அந்தக் கணக்கில் 2033 முடியும்வரை இருக்கிறது. கரோக்கே டிராக் போட்டுப் பாடினால் அந்த டிராக்குக்குத் தனி உரிமை. நான் வக்கீல் இல்லை, இதற்குமேல் கேட்காதீர்கள்.

மெத்தையையும் ஒரு சாண் தூரத்தையும் முடித்துவிட்டு, எதிரொலி, ஈக்வலைசர் எதுவும் சேர்க்காத ஒரு பதிவை ஏற்றி இணைப்பை இங்கே போடுங்கள். முதலில் ஒரு கைதட்டல், பத்து விநாடி சும்மா இருப்பது, அப்புறம் கீழே மந்த்ர பஞ்சமத்திலிருந்து மேலே தார ஷட்ஜம் வரை மெதுவாக ஒரு ஆரோகணம், பிறகு ஒரு பல்லவி. வேவ் கோப்பாகவே இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. கேட்டுவிட்டு அந்த 114 ஹெர்ட்ஸ் எவ்வளவு வீங்குகிறது, எவ்வளவு வெட்டலாம் என்று சொல்கிறேன்.